'டிட்' வந்த பிறகு 'வென்ட்' எதற்கு?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஆங்கிலத்தில் 'டிட் யூ வென்ட்?' என்று எழுதியிருந்தாள். 'டிட் யூ கோ?' என்று திருத்தினேன். "நடந்து முடிந்த விஷயம்தானே அம்மா, அப்புறம் ஏன் கோ?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 'வாக்' என்பது 'வாக்ட்' ஆகும்போது, 'கோ' மட்டும் ஏன் அடையாளமே தெரியாமல் 'வென்ட்' ஆகிறது என்றும் கேட்கிறாள்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் நன்றாக யோசிக்கிறாள். இறந்தகாலம் என்றால் வினை மாறவேண்டும் என்பதை அவள் சரியாகவே பிடித்திருக்கிறாள். இன்னும் ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டும்: அந்தக் காலத்தை ஒரே ஒரு சொல்தான் சுமக்கும். 'ஐ வென்ட்' என்பதில் அந்த வேலையை 'வென்ட்' பார்க்கிறது. 'டிட்' வந்துவிட்டால் காலம் அதன் பொறுப்பு. வினை மறுபடி 'கோ' ஆகிவிடும்.

இது நமக்குப் புதிதல்ல. 'நேற்றுப் போனேன்' என்கிறோம். மறுக்கும்போது 'போகவில்லை' என்கிறோம். அந்தப் 'போக'வில் இறந்தகாலம் எங்கே இருக்கிறது? 'டிட் நாட் கோ'வும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். ஆனால் கேள்வியில் தமிழ் வேறு வழியில் போகிறது. 'போனாய்' என்பது அப்படியே நின்று, கடைசியில் ஓர் 'ஆ' ஒட்டி, 'போனாயா?' ஆகிறது. 'டிட் யூ வென்ட்?' பெரும்பாலும் இந்தப் பழக்கத்தில் வருவதுதான். அதனால் எதிர்மறையை முதலில் பழக்குங்கள், கேள்வியை அப்புறம் பார்க்கலாம். 'ஹூ வென்ட்?' என்று எங்காவது படித்துவிட்டு அவள் குழம்பலாம். அங்கே 'ஹூ'தான் எழுவாய். டிட் தேவைப்படவில்லை, அதனால் காலம் வினையிலேயே தங்கிவிட்டது.

இனி அந்த விசித்திர உருவம். 'வென்ட்' உண்மையில் 'கோ'வின் பிள்ளையே அல்ல. 'திரும்பு', 'வழிபிடித்துச் செல்' என்ற பொருளில் 'வெண்டு' என்றொரு வினை இருந்தது. 'ஸெண்டு' என்பது 'ஸென்ட்' ஆவதுபோல அதன் இறந்தகாலம் 'வென்ட்'. பழைய ஆங்கிலத்தில் 'கோ'வுக்கு 'எயோடெ' என்று வேறோர் இறந்தகாலம் இருந்தது. அது மெல்ல வழக்கொழிய, 15ஆம் நூற்றாண்டுவாக்கில் அந்த இடத்தில் 'வென்ட்' நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் மட்டும் நடந்ததல்ல இது. ஸ்பானிய மொழியில் 'நான் போனேன்', 'நான் இருந்தேன்' இரண்டுக்கும் 'ஃபூய்' என்ற ஒரே வடிவம் உண்டு. இந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்தால் 'வென்ட்' அவளுக்கு மறக்காது என்று நம்புகிறேன்.

அடுத்து அவள் தடுமாறப்போவது 'ஹேவ்' வரும் இடத்தில். அதனோடு 'வென்ட்' சேராது, 'கான்' வரவேண்டும். 'ஷி ஹேஸ் கான்' என்றால் போனவள் இன்னும் திரும்பவில்லை. போய்விட்டு வந்தவள் என்றால் 'ஷி ஹேஸ் பீன்'. 'நேற்று' என்று நாளைச் சொல்லிவிட்டால் இரண்டும் வேண்டாம். 'ஷி வென்ட்' என்றே எழுதச் சொல்லுங்கள்.