வரையத் தெரியாத ஆசிரியர் ஓவிய வகுப்பு எடுப்பது எப்படி?

கேள்வி: தொண்டி அருகே ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். முப்பது பிள்ளைகள், வாரம் ஒரு ஓவிய வகுப்பு. எனக்குக் கோடுகூட நேராக வராது. கரும்பலகையில் எதை வரைந்து போடுவது?

பதில்: எதையும் போடாதீர்கள். வரையத் தெரிந்தவர்கள் செய்யும் தப்பே அதுதான். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு என்று போட்டுவிடுவார்கள். வகுப்பே அதை அப்படியே பார்த்து வரையும். தொண்டியில் மலை ஏது? அங்கே சூரியன் கடலிலிருந்தல்லவா எழும்புகிறது!

பார்த்து வரையக் காலையில் வாங்கிய சாளை மீன் ஐந்து போதும், ஆறு பேருக்கு ஒன்று. முதல் பாடவேளையிலேயே வையுங்கள், மதியமென்றால் நாறிவிடும். ஐந்து நிமிடம் பென்சிலைத் தொடவிடாமல் கேளுங்கள்: வாய் மேலே பார்க்கிறதா, நேரா? முதுகுத் துடுப்பு எங்கே தொடங்குகிறது? வால் எவ்வளவு ஆழமாகப் பிளந்திருக்கிறது? பிறகு தாள் நிறைய உடம்பின் வடிவம், கண் கடைசியில். கண்ணில் தொடங்கினால் மீன் மூலையில் சுண்டுவிரல் அளவில் நின்றுவிடும். பிள்ளைகளிடமிருந்து ரப்பர்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செதிலுக்கு மெழுகுவத்தித் துண்டால் அழுத்தித் தேய்த்து, மேலே நீலம் பூசச் சொல்லுங்கள். மெழுகு பட்ட இடத்தில் நிறம் ஒட்டாது. போஸ்டர் கலர் ஒரு கரண்டிக்குத் தண்ணீர் நாலு கரண்டி; கெட்டியாக இருந்தால் மெழுகையும் மூடிவிடும். ஜெராக்ஸ் தாள் சுருளும், சார்ட்டை நான்காக வெட்டுங்கள். கடல்காற்றில் நமுக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

கரையில் கிடைப்பதை எடுத்து வரச் சொல்லலாம், சிலவற்றைத் தவிர. பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை வேண்டவே வேண்டாம். செத்து ஒதுங்கியதுதானே, காய்ந்ததுதானே என்பதெல்லாம் செல்லாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம். சில சங்கு வகைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. பிரித்தறிய முடியாதென்றால் சங்கே வேண்டாம், நண்டு ஓடு இருக்கிறதே.

கலை ஆசிரியரைக் கேட்கலாமே என்பீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் பகுதிநேரக் கலை ஆசிரியரைச் சொல்வது ஆறு முதல் எட்டு வரை, அதுவும் நூறு பிள்ளைக்கு மேல் இருந்தால். விரல் பழகும் வயதுக்கு ஆள் வேண்டாமாம், அட்டவணையில் கட்டம் மட்டும் போதுமாம்!

‘மாநில அளவிலான ஓவியப் போட்டி’ என்று தலைக்கு இவ்வளவு வசூலிக்க ஆள் வருவார்கள். எல்லாப் பிள்ளைக்கும் பதக்கம், அது பிள்ளைகள் கட்டிய காசு. அரசின் கலைத் திருவிழாவுக்குக் கட்டணமே கிடையாது. வருகிறவரிடம் ரசீதும் நடுவர் பெயரும் எழுத்தில் கேளுங்கள். மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டார்.