குதிரை விலை படுத்துக்கிடக்கும் நேரத்தில் பெண் குதிரையைச் சினைக்கு விடலாமா?

பாபநாசம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஆறு வயது மட்டக் குதிரை சும்மா நிற்கிறது, ஒரு குட்டி எடுத்து விற்றால் தீவனச் செலவாவது தேறுமா என்பது கேள்வி. மன்னார்குடிக்குப் பக்கத்தில் அப்பா காலத்திலிருந்து குதிரை வைத்திருக்கும் வீடு எங்களுடையது. விற்பதற்காக என்றால் இந்த வருடம் வேண்டாம். குட்டியை யாரும் வாங்காவிட்டாலும் உங்கள் கொட்டிலிலேயே கடைசிவரை வைத்துக்கொள்ள முடியுமென்றால் மட்டும் யோசியுங்கள்.

சினை பதினோரு மாதம். பிறந்த குட்டி வண்டியில் பூட்டும் பருவத்துக்கு வர நான்கு வயதாவது ஆக வேண்டும். ஆக, இன்று நீங்கள் எடுக்கும் முடிவு ஐந்து வருடம் கழித்து வரப்போகும் விலையை நம்பி எடுப்பது. அதன் பிறகும் இருபது வருடத்துக்கு மேல் அது உயிரோடு இருக்கும், தினமும் தின்னும். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க ஆறு லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகள் 2019-ல் சுமார் 3.4 லட்சம்தான். டெல்டாவில் இப்போது குதிரை கேட்பவர்கள் ரேக்ளாக்காரர்களும் கல்யாண ஊர்வலம் நடத்துபவர்களும்தான். முன்னவருக்கு ஓட்டம் வேண்டும், பின்னவருக்கு வெள்ளையும் உயரமும் வேண்டும். ராஜஸ்தான் இனமான உயரமான மார்வாரிக் குதிரையோடு மட்டக் குதிரையைச் சேர்த்தால் குட்டி பெரும்பாலும் இரண்டுங்கெட்டான் உயரத்தில் நின்றுவிடும். போதாததற்குச் சுழி பார்ப்பார்கள், அதாவது உடம்பில் முடி எங்கே சுழித்திருக்கிறது என்பதை வைத்து ராசி சொல்வார்கள். சுழிக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது என் எண்ணம். ஆனால் பணம் கொடுக்கிறவர் அதைப் பார்த்துத்தான் கொடுக்கிறார், நல்ல சுழியோடு பிறக்கவைக்க நம்மால் முடியாது.

விலை போகாத குதிரை கடைசியில் தெருவுக்குத்தான் வருகிறது. கோடியக்கரைச் சரணாலயத்தில் காட்டில் திரியும் மட்டக் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் காலத்திலோ மனிதர்கள் வளர்த்து விட்டவற்றின் வாரிசுகள் அவை. 1967-ல் வெளிமான்களுக்காக அறிவித்த இடம் அது. கோடையில் அந்த மான்களின் புல்லுக்கே இந்தக் குதிரைகள் போட்டி.

சரி, வைத்துக்கொள்ளத் தயார் என்றால் மாசி, பங்குனியில் சேருங்கள். அடுத்த தை, மாசியில் குட்டி விழும், மழை ஓய்ந்திருக்கும். மார்கழியில் சேர்த்தால் கார்த்திகைச் சேற்றில் பிறக்கும். ஈரத் தரையில் தொப்புள் வழியாகச் சீழ் ஏறிக் குட்டி சாவது சாதாரணம். சேர்ப்பதற்கு முன் இரண்டு குதிரைக்கும் கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது, உறுதியானால் குதிரையைக் கொல்லத்தான் வேண்டும். சேர்த்த பதினைந்து நாள் வாக்கில் ஸ்கேன் பாருங்கள். குதிரைக்கு இரட்டைச் சினை ஆபத்து, சீக்கிரம் தெரிந்தால்தான் மருத்துவர் ஏதாவது செய்ய முடியும். ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குத் தூரமில்லை, இதையெல்லாம் முதலிலேயே அங்கே போய்க் கேளுங்கள்.

தீவனத்தில்தான் நம் ஊரில் அதிகம் கெடுகிறது. ரைஸ்மில் தவிடு மலிவு, மாட்டுக்கென்று வளர்க்கும் கோ-4 தீவனப்புல் வரப்பெல்லாம் இருக்கிறது என்று இரண்டையும் அள்ளிப் போடுகிறார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம். கோ-4 புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. மாட்டுக்குச் சரிப்படும் இந்தத் தீவனத்தையே குதிரைக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் எலும்பு கரைந்து முகம் வீங்கும், கால் நொண்டும். சினையின் கடைசி மூன்று மாதத்தில் வயிற்றுக் குட்டி தாயின் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்கிறது, அப்போது இந்தத் தீவனம் பெரும் கொடுமை. அருகம்புல் முக்கியமாக இருக்கட்டும், ஊறவைத்த கொள்ளு அளவோடு கொடுங்கள். குதிரைமசால் என்ற பயறுவகைத் தீவனப்பயிர் நம் களிமண்ணில் சரியாக வராது, விலை கொடுத்தாவது வாங்குங்கள். இந்தச் செலவு கட்டாது என்று தோன்றினால் சினைக்கு விடாதீர்கள்.

குட்டி விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் எழ வேண்டும், இரண்டு மணிக்குள் சீம்பால் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். ஒன்று தவறினாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஆண் குட்டியாக இருந்தால் ஒரு வயதை ஒட்டிக் காயடித்துவிடுங்கள். ‘நல்ல ரத்தம், வைத்திருப்போம்’ என்று நாலு பேர் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒன்றரை வயதுப் பெண் குட்டியே பருவத்துக்கு வந்துவிடும். யாரும் திட்டமிடாமல் கொட்டிலிலேயே சேர்ந்து பிறக்கும் குட்டிகள்தான் இந்த மந்தச் சந்தையில் அதிகம் அடிபடுகின்றன.

குட்டி வளர்க்கும் ஆசைதான் உண்மையான காரணம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போங்கள். கடைசி நாள் வரை நின்று, விற்காமல் திரும்பப் போகும் குட்டிகளைப் பாருங்கள். பல்லையும் குளம்பையும் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய், சுழி சரியில்லை என்று எல்லோரும் கழித்த ஒன்றை வாங்கி வாருங்கள்.