ஃபீல்டுல இருக்கறவங்க மனசு வத்திப் போகாம இருக்க: கேளுங்க, சொல்றேன்

போதைக்காக ஊசி போட்டுக்கறவங்க மத்தியில 13 வருஷம் வேலை பாத்தவ நான். இப்போ புதுசா வர்ற ஓஆர்டபிள்யூ (தெருவுல போய் அவங்கள பாக்குற பணியாளர்), பியர் எஜுகேட்டர்களுக்கு (அந்தப் பழக்கத்த அனுபவிச்சு, மத்தவங்களுக்கு சொல்லித் தர்றவங்க) ட்ரெய்னிங் குடுக்குறேன். வந்த கேள்விகள்ல சிலத இங்க எடுத்துக்குறேன்.

அக்கா, எட்டு மாசமா ஓஎஸ்டில (போதை ஊசிக்கு பதிலா மாத்திரை குடுக்குற சிகிச்சை) ஒழுங்கா மாத்திரை எடுத்துட்டு இருந்த பையன் போன வாரம் வலி மாத்திரைய கரைச்சு ஊசி போட்டுட்டான். அவன் மூஞ்சிய பாக்கவே கோவம் வருது. என் வேலையே வேஸ்ட்டா?

தம்பி, களைப்ப விட இந்தக் கோவத்தத்தான் நான் முதல்ல கவனிப்பேன். உலக சுகாதார நிறுவனத்தோட நோய் வகைப் பட்டியலான ஐசிடி-11ல பர்ன்அவுட்டுக்கு (வேலைல மனசு வத்திப் போறது) மூணு அடையாளம் சொல்லிருக்காங்க: சக்தியே இல்லாம போறது, வேலை மேல வெறுப்பாகி மனசு விலகிப் போறது, நாம செஞ்சது எதுவும் உருப்படலன்னு தோணுறது. அதுல ரெண்டு உன் கேள்விலயே இருக்கு. இது நோய்னு அவங்க சொல்லல, வேலையிடத்துல தீராத ஸ்ட்ரெஸ்ஸால வர்றதுன்னுதான் சொல்றாங்க, அதனால இத உன் குறைன்னு நெனைக்காத. இந்த வார்த்தையே நம்ம மாதிரி ஆளுங்கள பாத்து வந்ததுதான், நியூயார்க்ல ஒரு இலவச கிளினிக்ல போதைப் பழக்கம் இருக்கறவங்களோட வேலை பாத்தவங்க ஒவ்வொருத்தரா தளர்ந்து போறத பாத்துத்தான் ஃப்ராய்டன்பெர்கர்ங்குற சைக்காலஜிஸ்ட் 1974ல இதப் பத்தி எழுதினாரு.

அப்புறம் ரிலாப்ஸ், அதாவது விட்ட பழக்கம் திரும்ப வர்றது. சிகிச்சைக்கு வர்றவங்கள்ல 40லேர்ந்து 60 சதவீதம் பேருக்கு இது நடக்குது, பிபி, ஆஸ்துமாகாரங்க மருந்த விட்டுட்டு திரும்ப வர்ற மாதிரிதான். அந்த எட்டு மாசம் அவன் உயிரோட, ஊசி இல்லாம இருந்தான்ல, அத யாரும் அழிக்க முடியாது. கோவத்தோடயாவது இன்னைக்கே போய் அவனப் பாரு, ஏன்னா கேப் விட்டவங்களுக்கு பழைய டோஸ் தாங்காது, அப்படியே போட்டா மூச்சு நின்னுடலாம்.

யூஸ் பண்ண ஊசி பொறுக்கும்போது கையில குத்திடுமோன்னு தெனம் பயம். ராத்திரி கனவுல கூட வருது.

என்ன செய்யணும்னு கை தானா செய்யுற அளவுக்கு தெரிஞ்சு வச்சுக்கிட்டா பயம் பாதி கொறையும்மா. குத்தினா பிதுக்காத, வாயில வைக்காத, சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவு. நேரா அரசு ஆஸ்பத்திரிக்கு போய் எச்ஐவி தொத்தாம தடுக்குற பிஇபி மாத்திரை கேளு, 2 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா ரொம்ப நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது, 28 நாள் விடாம சாப்பிடணும். எச்ஐவி இருக்கறவரோட ஊசி குத்தினா கூட தொத்துற வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூணு டோஸும் போட்டாச்சா? இல்லன்னா ஆபீஸ்ல கேட்டு போடச் சொல்லு, அது உன் உரிமை.

எங்க கிளையண்ட் ஒருத்தர் ஓவர்டோஸ்ல போயிட்டாரு. மறுநாளே எல்லாரையும் உக்கார வச்சு நடந்தத சொல்லுங்கன்னாங்க, என்னால வாயே திறக்க முடியல.

திறக்கலன்னா தப்பே இல்ல. நடந்ததும் எல்லாரையும் கட்டாயமா ஒரே தடவை பேச வைக்கிறது உதவாதுன்னுதான் இப்ப சொல்றாங்க. அன்னைக்கு வேணுங்கறது வேற: சாவுக்கு போறதுக்கு லீவு, கூட ஒரு ஆள், வேளைக்கு சோறு. பேசணும்னு தோணுற அன்னைக்கு நம்புற ஆள்கிட்ட பேசு. நானெல்லாம் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் அழுதேன்.

நான் ப்ராஜெக்ட் மேனேஜர். ஒரே வருஷத்துல நாலு பேர் வேலைய விட்டுட்டாங்க. யோகா கிளாஸ் வச்சோம், பலன் இல்ல.

யோகா நல்லதுதான் சார், ஆனா சம்பளம் ரெண்டு மாசம் லேட்டாகி, பஸ் காச கைலேர்ந்து போட்டு, ஞாயித்துக்கிழமையும் கிளையண்ட் போன எடுத்துட்டு இருக்கறவனுக்கு மூச்சுப் பயிற்சி என்ன பண்ணும்? டார்கெட் ரிவ்யூவையும் மனசு விட்டு பேசுற நேரத்தையும் ஒரே மீட்டிங்ல போடாதீங்க, நம்பர் கேக்குற ஆள்கிட்ட யாரும் அழ மாட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது வெளிய இருந்து ஒரு கவுன்சிலர வரச் சொல்லுங்க. ஆபீஸ் போன் ஒண்ணு வாங்கி முறை வச்சு மாத்தி மாத்தி எடுக்கச் சொல்லுங்க. ஹாட்ஸ்பாட்டுக்கு (கூடி ஊசி போட்டுக்கற இடம்) ஒரு ஆளா அனுப்பாதீங்க, முக்கியமா பழக்கத்த விட்டுட்டு வந்த பியர்ஸ தனியா விடாதீங்க, அவங்களுக்கு அந்த இடமே ஆசைய கிளப்பும். கிளையண்ட்டுக்கு குடுக்க வச்சிருக்கற ஊசிய பாத்து போலீஸ் புடிச்சு பையில ஊசி ஏன்னு கேட்டா ஐடி கார்டோட 2017 எச்ஐவி சட்டம் 22வது பிரிவையும் காட்டச் சொல்லுங்க, எச்ஐவி பரவாம தடுக்க செய்யுற இந்த வேலை குற்றமாகாதுன்னு அதுலயே இருக்கு.

தூக்கமே வரல அக்கா, ரெண்டு பெக் போட்டாத்தான் கண்ண மூட முடியுது. வெளிய சொன்னா வேலை போயிடும்.

சொன்னியே, அதுவே பெருசு. குடிச்சிட்டு வர்ற தூக்கம் பாதி ராத்திரில கலைஞ்சிடும், அப்புறம் ரெண்டு பெக் மூணாகும், இத நீயே எத்தன பேருக்கு சொல்லிருப்ப. 14416 டெலி மானஸ், அரசோட மனநல உதவி போன், 24 மணி நேரமும் இருக்காங்க, தமிழ்லயே பேசலாம், ஃப்ரீ, ஆபீஸுக்கு தெரியப் போறதில்ல. இன்னைக்கு ராத்திரியே கூப்பிடு. நாளைக்கு ஃபீல்டுக்கு கெளம்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போடு, பாத்துட்டே இருப்பேன்.