கஷாயத்தில் என்ன வேர் என்று முதலில் கேளுங்கள்

டர்பனில் உங்களோடு வேலை பார்க்கும் ஜூலு அக்கா எச்ஐவி மாத்திரையோடு இன்யாங்கா (ஜூலு மூலிகை வைத்தியர்) கொடுத்த கஷாயமும் குடிக்கிறார், தடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைத்தியரிடம் போகாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் டாக்டரிடமும் மறைத்துவிடுவார். தென்னாப்பிரிக்காவில் 2007-லேயே பாரம்பரிய வைத்தியர்களுக்குத் தனிச் சட்டம் வந்தாச்சு, கிளினிக்கில் சொல்ல என்ன வெட்கம்?

ஆனால் என்ன வேர் என்று கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள். இம்பிலா என்றால் உடனே நிறுத்த வேண்டும், கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து ஆளையே கொன்றுவிடும். வாந்தி எடுக்க வைக்கும் மருந்து என்றால் மாத்திரை போட்ட கையோடு வேண்டாம், மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். சில மூலிகைகள் உடலில் மாத்திரையின் அளவையே மாற்றலாம், அதனால் கஷாயத்தைக் கிளினிக்குக்கே எடுத்துப்போய்க் காட்டட்டும். யார் சொன்னாலும் மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது.