கோழியும் மீனும் பழகிய வீட்டில் தாவர உணவுக்கு மாறுவது எப்படி?

கோலாலம்பூரில் கோழியும் மீனும் இல்லாமல் சோறு இறங்காத குடும்பம், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமையிலிருந்தே தொடங்குங்கள். நம் வீடுகள் பலவற்றில் அன்று ஏற்கெனவே சைவம்தான். அதோடு செவ்வாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது பழகியபின் இன்னொரு நாள். பருப்பும் பயறும் திடீரென்று கூடினால் வயிறு உப்பும். குடலுக்கு அவகாசம் கொடுங்கள்.

இறைச்சி போன இடத்தைச் சோற்றால் நிரப்புவதுதான் பெரிய ஆபத்து. நம் சுகாதார அமைச்சு சொல்லும் தட்டு முறை எளிது: கால் பங்கு சோறு, கால் பங்கு புரதம், அரைப் பங்கு காய்கறியும் பழமும். அந்தப் புரதத்துக்கு நான் முதலில் சொல்வது தெம்பே, அதாவது புளிக்கவைத்த சோயாக் கட்டி. 100 கிராமில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் இருக்கிறது, விலையும் மலிவு. மெல்லியதாக நறுக்கி, மஞ்சள், மிளகாய்த்தூள், புளிக்கரைசல் பிரட்டிக் கொஞ்சம் எண்ணெயில் ஓரம் மொறுமொறுப்பாகும்வரை வறுங்கள். சாம்பார் சோற்றுக்கு அவ்வளவு பொருத்தம்! சைவக் கடைகளின் போலி இறைச்சி எப்போதாவது போதும், உப்பு அதிகம்.

வெளியே சாப்பிடும்போது கேட்டு வாங்குங்கள். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கின் சம்பலில் நெத்திலியும், கங்கோங் பெலாச்சான் என்ற கீரை வறுவலில் இறால் விழுதும் இருக்கும்.

கீரையோடு எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். தே தாரேக் எனும் பால் தேநீர் உணவோடு வேண்டாம், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். பாலும் முட்டையும் விட்டால் வைட்டமின் பி12 மாத்திரை கட்டாயம். தெம்பேயை அதற்கு நம்ப முடியாது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையும் வாய்ப்பு ஏற்கெனவே உண்டு. அவர்கள் மாறுவதற்கு முன்பே மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும்.