பெல்லோனாவை எரித்தது யார்?

கேள்வி: உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதை என்று நண்பர் சொன்னதை நம்பி, சாமுவேல் டிலேனியின் ‘டால்கிரென்’ நாவலைப் படித்தேன். 800 பக்கம்! நகரம் ஏன் எரிகிறது, வானத்தில் இரண்டாவது நிலா எப்படி வந்தது, கதாநாயகனின் பெயர் என்ன, ஒன்றுக்கும் பதில் இல்லை. கடைசி வாக்கியம்கூடப் பாதியில் நிற்கிறது. ஆசிரியர் வாசகனை ஏமாற்றிவிட்டார் என்கிறேன். மறுக்க முடியுமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: உங்களை ஏமாற்றியவர் உங்கள் நண்பர். இந்த நாவலில் உலகம் அழியவே இல்லை. அழிந்தது அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள பெல்லோனா என்ற ஒரே ஒரு நகரம். அங்கே தொலைபேசி வேலை செய்யாது, டிவி எட்டாது. பாலத்தைத் தாண்டி வெளியே வந்தால் மற்ற ஊர்க்காரர்கள் வழக்கம்போல அலுவலகம் போய்க்கொண்டிருக்கிறார்கள். 800 பக்கம் படித்த உங்கள் கண்ணில் இது படவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

நாவல் வெளிவந்தது 1975இல். அதற்கு முந்தைய பத்தாண்டில் அமெரிக்காவில் என்ன நடந்தது? 1967இல் இனக் கலவரத்தில் நெவார்க்கும் டெட்ராய்ட்டும் எரிந்தன. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதும் வாஷிங்டன், சிகாகோ, பால்டிமோர் எரிந்தன. கறுப்பின மக்கள் வாழ்ந்த எத்தனையோ தெருக்கள் ஆண்டுக்கணக்கில் கரிந்த சுவர்களோடு அப்படியே கிடந்தன. சில மைல் தள்ளி வாழ்ந்தவர்கள் அதைச் செய்தியில் பார்த்துவிட்டுத் தூங்கப் போனார்கள். டிலேனி நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த கறுப்பினத்தவர். பெல்லோனாவை எரித்தது யார் என்று அவர் சொல்லவில்லை, உண்மைதான். ஒரு நகரம் எரியும்போது பக்கத்து ஊர் எப்படிச் சும்மா இருக்கிறது என்பதுதான் அவருடைய கவலை.

ரிச்சர்ட்ஸ் குடும்பத்தை மறந்துவிட்டீர்களா? ஊரே காலியாகிக் கிடக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் அந்த வீட்டுத் தலைவர் மட்டும் தினமும் வேலைக்குப் புறப்படுகிறார். என்ன வேலை, எங்கே வேலை என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் குடும்பம் உடைந்துவிடும். அவர் மனைவிக்கோ இந்த வீடு பிடிக்கவில்லை, மேல்தளத்தில் வேறொரு வீட்டுக்குப் போக வேண்டுமாம். சாமான் தூக்க நம் பெயரற்ற இளைஞனைக் கூலி பேசி அமர்த்துகிறார். அந்த அமளியில் மகன் லிப்ட் குழிக்குள் விழுந்து இறந்துபோகிறான். இத்தனைக்குப் பிறகும் அவர்கள் நடிப்பைக் கைவிடுவதில்லை. நான் படித்த பேரழிவுக் கதைகளில் இதைவிடப் பயங்கரமான பகுதி இல்லை. இதில் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

குழப்பத்துக்கு வருகிறேன். அந்த இளைஞன் மனநல மருத்துவமனையில் இருந்தவன். சில மணி நேரம்தான் ஆனது என்று அவன் நினைக்கிறான். ஐந்து நாள் ஆயிற்று என்கிறார்கள் மற்றவர்கள். ஊர்ப் பத்திரிகையோ ஆசிரியருக்குத் தோன்றிய தேதியைப் போட்டு வருகிறது. (பத்திரிகை ஆசிரியனாக எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.) நாட்காட்டியே இல்லாத ஊரில் நீங்கள் கால வரிசை கேட்கிறீர்கள். கடைசி வாக்கியம் பாதியில் நிற்கிறது என்றீர்களே, முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா? முதல் வாக்கியம் பாதியிலிருந்து தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

உங்கள் எரிச்சலுக்குத் துணை இல்லாமல் இல்லை. அறிவியல் புனைகதை எழுத்தாளர்களிலேயே பிலிப் கே. டிக் இந்த நாவலைக் குப்பை என்று தூக்கி எறிந்தவர். ஹார்லன் எலிசனும் பாதியில் விட்டவர். அதே துறையைச் சேர்ந்த தியடோர் ஸ்டர்ஜனோ தலையில் வைத்துக் கொண்டாடினார். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. எனக்கும் குறை உண்டு: தெருக்கும்பல் வரும் பகுதிகள் சொன்னதையே திரும்பச் சொல்கின்றன, கட்டில் காட்சிகள் அதைவிட மோசம். ஒரே பக்கத்தில் இரண்டு பத்திகளாக ஓடும் கடைசி அத்தியாயம் கண்ணுக்கும் பொறுமைக்கும் தண்டனை. இவற்றைக் கேட்டிருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் திட்டியிருப்பேன்.

அழிவுக்குக் காரணம் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், வால்டர் மில்லர் எழுதிய ‘எ கான்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்’ இருக்கிறது. அணு ஆயுதப் போர்தான் காரணம், அதில் சந்தேகமே வராது. மூன்று பாகங்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 600 ஆண்டுகள். வாக்கியங்களும் முழுமையாகவே முடிகின்றன.