டிசம்பர் 22 முதல் 25 வரை: கொங்கு நாட்டின் நாள்காட்டியில் யார் யார்?

டிசம்பர் கடைசி வாரத்தில் கொங்கு நாட்டோடு தொடர்புடைய பிறப்பும் இறப்பும் எவை என்று கேட்டிருக்கிறீர்கள்.

கணித மேதை இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய் கோமளத்தம்மாளின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில் என்பதால் ஈரோட்டுக்காரர் என்று அவரை உரிமை கொண்டாடுவது சற்று மிகைதான்; ஆனால் அதே ஊரில் அப்போது எட்டு வயதுச் சிறுவனாக ஈ.வெ. இராமசாமி இருந்தார் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

அந்தச் சிறுவனே பெரியாராகி, 1973 டிசம்பர் 24 அன்று வேலூர் மருத்துவமனையில் 94 வயதில் காலமானார். அதற்கு ஓராண்டு முன்பு, ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில், 1972 டிசம்பர் 25 அன்று இராஜாஜி மறைந்தார். அவருக்கும் வயது 94. இவர் 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானவர், 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். பெரியாரோ ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர். கொள்கையில் எதிரெதிர்த் துருவங்களாக நின்றும் நட்பை விடாத இந்த இருவரில், நண்பரின் இறுதிச் சடங்கில் சக்கர நாற்காலியில் அமர்ந்து கண்ணீர் விட்டவர் பெரியார்.

எம்.ஜி.ஆர். இறந்ததும் டிசம்பர் 24 அன்றுதான், 1987-இல். அவர் கதாநாயகனாக உயர்ந்த 'ராஜகுமாரி' (1947) கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது.